எண்ணெயில் பார்த்த முகம்

பழங்காநத்தத்து மருமகள் கனகலட்சுமியைப் போன வாரம் எங்கே விட்டுவிட்டு வந்தோம்? சரித்திர டீச்சர், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதி முடித்து, தலைமையாசிரியை பாலாம்பாள் வாயால் சபாஷ் வாங்கிக்கொண்டு, கால் தரையில் பாவாமல் வீடு வந்து சேர்ந்தாள். இந்த வாரம் அந்தக் கால் தரைக்கு வரப்போகிறது. வருகிற வேகத்தில் அடியும் படும். என்ன செய்வது, பட வேண்டிய அடிதான்.

நாடகம் எதைப் பற்றி என்று மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. துருக்கி தேசத்துச் சுல்தான்களின் அரண்மனையில், சுல்தானைப் பெற்ற தாய்க்குத்தான் பெண்களில் முதல் மரியாதை. வாலிதே சுல்தான் என்று பட்டம். யாரடா அந்த மகாராணி என்று பார்த்தால், பெரும்பாலும் சின்ன வயதில் கடல் கடந்து விலைக்கு வாங்கி வந்த அடிமைப் பெண்ணாக இருப்பாள். பெயரை மாற்றி, பாஷையை மாற்றி, தையலும் பாட்டும் கற்றுக்கொடுத்து அந்தப்புரத்தில் விட்டிருப்பார்கள். ஆண் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை சிம்மாசனம் ஏறிவிட்டால் அன்றையிலிருந்து அந்தப்புரம் முழுக்க அவள் ராஜ்யம். மருமகள்கள் யாரும் அவளைத் தாண்டி ஒரு காரியம் செய்துவிட முடியாது.

கனகம் இதையெல்லாம் நூலகத்துத் தடிப் புத்தகத்தில் படித்துவிட்டு, சாயங்காலங்களில் மாமியார் நாகமணிக்குச் சொல்லுவாள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். உங்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாகமணிக்கு அந்தக் கதை பிடித்துப் போயிற்று. அரண்மனைச் சாவி யாரிடம் இருக்கும், சமையல்கட்டு எம்புட்டுப் பெரிசு, மாமியார் எதிரில் மருமகள் உட்காரலாமா என்று துருவித் துருவிக் கேட்பாள். அந்தச் சுல்தான் தாயும் தன்னைப் போல வெளியிலிருந்து வந்தவள்தானா என்று ஒரு நாள் கேட்டாள். நாகமணி அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள்.

பிறகொரு சாயங்காலம் இளவரசர்கள் கதை வந்தது. ஒருவன் பட்டமேறினால் கூடப் பிறந்தவர்களைக் கொன்றுவிடும் வழக்கம் அங்கே இருந்தது. பின்னாளில் கொல்வதை விட்டுவிட்டு, அரண்மனைக்குள்ளேயே சில அறைகளில் அடைத்து வைத்தார்கள். மாற்றாள் பிள்ளை அந்த அறைக்குள் கிடந்தால்தான் தன் பிள்ளை பிழைக்கும் என்று ஒவ்வொரு தாயும் கணக்குப் போட்டாள். இதைக் கேட்டதும் நாகமணி எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

மூத்த தாரத்தின் பிள்ளை சௌரிராஜன். இன்றைக்குச் செல்லூரில் விசைத்தறி போட்டுப் பிழைக்கிறாரே, அவர்தான். நாகமணிக்கு, கனகத்தின் புருஷன் ஜனகராஜ் பிறந்ததும் பயம் வந்தது. சிம்மக்கல்லில் இருக்கும் குடும்ப ஜவுளிக் கடை மூத்தவன் கைக்குப் போய்விடுமே என்ற பயம். வீட்டுக்கு வருகிற ஜோசியரைத் தனியாகப் பிடித்தாள். மூத்தவன் ஜாதகம் அப்பன் உயிருக்கு ஆகாது என்று சொல்ல வைத்தாள். பிள்ளையைப் பரமக்குடியில் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்புகிற அன்று ஒரு சடங்கு. ஆகாத பிள்ளையின் முகத்தை அப்பன் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. உருளியில் நல்லெண்ணெய் ஊற்றி அதில் தெரிகிற முகத்தைத்தான் பார்க்க வேண்டும். நம் பக்கம் தெரிந்த வழக்கம்தானே. அப்பன் எண்ணெயைக் குனிந்து பார்த்தார். பிள்ளை அப்பனைப் பார்த்து, "நான் உங்களை நேரா பாக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இத்தனை வருஷமாகத் தன் காதை விட்டுப் போகவில்லை என்று நாகமணி சொன்னாள்.

சௌரிராஜன் அந்த ஜோசியத்தை வேதவாக்காக நம்பியே வளர்ந்தார். தன் கல்யாணத்துக்கு ஆசி வாங்க ஒரே ஒரு தரம் அப்பாவை நேரில் வந்து பார்த்தார். அந்த மாதமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த பிள்ளை, தான் பார்த்ததால்தான் அப்பா செத்தார் என்று குறுகிப்போய், தெருமுனையிலேயே நின்று பாடையைப் பார்த்துவிட்டுப் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று கனகம் மாமியாரின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செய்துவிட்டு, நாடகத்தின் நடுக் காட்சியில் அதை அப்படியே வைத்தாள்.

திட்டாதீர்கள், அவளும் பாவிதான், ஆனால் ஒரேயடியாகக் கெட்டவள் இல்லை. புத்தகத்தில் கப்பல் இருந்தது, ஊர்வலம் இருந்தது, ஜனங்களை அழ வைக்க ஒன்றும் இல்லை. சுல்தான்களுக்கு அரண்மனை ஜோசியர் உண்டு என்று மட்டும் இருந்தது. அந்த ஜோசியரைப் பிடித்துக்கொண்டாள். துருக்கி எங்கே, பழங்காநத்தம் எங்கே, யாருக்குத் தெரியப்போகிறது என்று தைரியம். மாமியாரோ முழங்கால் வலிக்காரி, கோயிலைத் தவிர எங்கும் போகாதவள்.

ஆண்டு விழா நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கனகம் குளித்துவிட்டு வந்தால், கூடத்தில் நாகமணி அரக்குப் பட்டுக் கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கனகம், அம்புட்டு நேரம் நாற்காலியில் உட்கார முழங்கால் தாங்காது, கூட்டம் வேறு நெரிசலாக இருக்கும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். நாகமணி சிரித்தாள். மகன் சூரத்துக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறான், மருமகள் எழுதின நாடகத்துக்கு வீட்டிலிருந்து ஒருத்தராவது போக வேண்டாமா என்றாள். ஜனகராஜும் முந்தின நாள் டிரங்க் கால் போட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருந்தானாம்.

அதோடு நின்றதா? நேற்றே செல்லூருக்குப் போய்ச் சௌரியையும் அழைத்துவிட்டு வந்தாளாம்.

"நாடகம் முடிஞ்சதும் அவன்கிட்ட அந்த விசயத்தைச் சொல்லிரப் போறேன், கனகு" என்றாள் நாகமணி. "வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டான். அவன் நெழலு இந்த வீட்டு மேல படக் கூடாதுன்னு அவனே நெனைக்கான். வெளியில வச்சுத்தான் சொல்லணும். எனக்குத் தெம்பு இருக்கும்போதே என் வாயால சொல்லிரணும்."

சொல்லும்போது நாகமணியின் முகம் தெளிவாக இருந்தது. பல நாள் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தவளின் முகம் அது. கனகத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை; முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். நான் இப்படிச் செய்துவிட்டேன் அத்தை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளிக்கூடம் சிம்மக்கல்லைத் தாண்டி, ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. கனகம் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய், நடுக் காட்சியை எடுத்துவிடலாமா, நாடகம் நீளமாக இருக்கிறது என்று மென்று விழுங்கினாள். பாலாம்பாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தாள். "என்னம்மா சொல்றே? அந்த ஸீன்தானே நாடகத்துக்கு உயிர். ஒத்திகையிலே நானே அழுதுட்டேன். அதை எடுத்துட்டா அப்புறம் மிச்சம் என்ன, ஒச்சம்மா கிரீடம் வச்சிண்டு நடக்கறதுதான்" என்றாள்.

கனகத்துக்கு உள்ளே குளிர்ந்தது. அதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். அந்த நேரத்திலும் குளிர்ந்தது.

மேடைக்குப் பின்னால் ஒச்சம்மாள் வேஷம் கட்டிக்கொண்டிருந்தாள். விளையாட்டு டீச்சர், உசிலம்பட்டிப் பக்கம், நல்ல உயரம். சுல்தானின் தாய்க்கு அவளை விட்டால் ஆளில்லை. பனாரஸ் பட்டு, நைலக்ஸ் சேலையைக் கிழித்துச் செய்த முகத்திரை, தங்கத்தாள் ஒட்டிய கிரீடம். கனகத்தின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நடுக் காட்சி வேண்டாமோ என்று யோசிக்கிறேன் என்றாள் கனகம்.

"வேணாம்னா சொல்லுங்க டீச்சர், தாண்டிப் போயிருவோம்" என்றாள் ஒச்சம்மாள். "எச்.எம். கேட்டா மறந்துட்டேம்னு சொல்லிக்கிறேன். என்னைய என்ன செய்யப் போறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஒரே ஒரு வார்த்தை. கனகம் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பந்தல் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் தலைமை தாங்க வந்திருந்த கல்லூரிப் பேராசிரியை, அதுவும் சரித்திரத்துக்காரி. அடுத்த வரிசையில் நாகமணி. அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி இடம் விட்டு, வெளுத்த சட்டையும் வேட்டியுமாகச் சௌரிராஜன். பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி நாகமணி கையைக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தார்.

ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள். பேராசிரியை அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும் என்று கனகத்துக்கு இருந்தது. சௌரிராஜன் நாடகம் புரியாமல் பார்த்துவிட்டுப் போகிற மனுஷன், தறிச் சத்தத்திலேயே காது போனவர், சின்ன வயதில் நடந்தது எங்கே நினைவிருக்கப் போகிறது என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு ஒச்சம்மாளிடம், "இருக்கட்டும் டீச்சர். அப்படியே செய்யுங்க" என்றாள்.

முதல் காட்சியில் கப்பலிலிருந்து ஒரு பெண்ணை இறக்கி அரண்மனையில் சேர்த்தார்கள். அவளுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட இனி யாரும் இல்லை என்று அவள் அழுதபோது, நாகமணி மூக்கை உறிஞ்சுவது பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற கனகத்துக்குத் தெரிந்தது.

இரண்டாம் காட்சி. அந்தப் பெண் இப்போது இளைய இளவரசனுக்குத் தாய். கிரீடத்தோடு ஒச்சம்மாள் வந்து, அரண்மனை ஜோசியரின் காதருகே குனிந்து, மூத்த இளவரசனின் முகம் சுல்தானுக்கு ஆகாது என்று சபையில் சொல் என்றாள். ஜோசியர் சொன்னார். இளவரசனை உள்ளறையில் அடைக்க உத்தரவாயிற்று. கடைசியாகப் பிள்ளையை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று சுல்தான் கெஞ்சினார். உருளி வந்தது. எண்ணெயில் பாருங்கள் என்றார் ஜோசியர். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இளவரசன் வேஷத்தில் மண்டியிட்டு, பிசகாமல் கேட்டாள்: "நான் உங்களை நேரா பாக்கக் கூடாதாப்பா?"

பந்தலில் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். பாலாம்பாள் கண்ணாடியைக் கழற்றினாள். கனகம் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு பேரை.

சௌரிராஜன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். மேடையில் உருளியைத் தூக்கிக்கொண்டு போகும் வரை அதையே பார்த்தார். அப்புறம் மெல்லத் திரும்பி நாகமணியைப் பார்த்தார். நாகமணி தலை நிமிரவில்லை. பட்டுச் சேலையின் மடிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து போகவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை.

கனகம், என்ன காரியம் செய்துவிட்டேன் என்று வாய்விட்டே முணுமுணுத்தாள்.

மூன்றாம் காட்சி பழைய அரண்மனையிலிருந்து புது அரண்மனைக்குத் தாயை ஊர்வலமாக அழைத்து வருவது. பட்டமேறிய மகன் குதிரையை விட்டு இறங்கி, நடந்து வந்து, ஊர் பார்க்கத் தாயின் கையை முத்தமிட வேண்டும். அது புத்தகத்தில் உள்ளபடி. ஒச்சம்மாள் கம்பீரமாகக் கையை நீட்டினாள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அந்தக் காட்சிக்காகவே மாமியாரிடம் நூறு தரம் பெருமை பேசியவள் கனகம். நாகமணி அதைப் பார்க்கவே இல்லை.

பிறகு மைக்கில் கனகலட்சுமியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறினாள். பேராசிரியை பொன்னாடை போர்த்திவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டே, அரண்மனை வாழ்க்கையை இவ்வளவு நுணுக்கமாக யாரும் சொன்னதில்லை என்று பாராட்டினார். எண்ணெயில் முகம் பார்க்கிற வழக்கம் துருக்கியிலும் இருந்ததா, எனக்கு இது புதிதாக இருக்கிறது, எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று கேட்டு மைக்கைக் கனகத்தின் பக்கம் திருப்பினார்.

நானே சேர்த்தது என்று சொல்லியிருந்தால் பாதிப் பாவம் போயிருக்கும். கனகம், "ஒரு பழைய பயணக் குறிப்புல இருக்கு மேடம்" என்றாள். சரித்திர டீச்சர், மைக்கில், பிள்ளைகள் முன்னால் இல்லாத புத்தகத்தைச் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் காது இரண்டும் சுட்டது. கைதட்டினார்கள்.

வாசலுக்கு வந்தபோது சாயங்கால வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நாகமணி நின்றாள். நாலு எட்டுத் தள்ளிச் சௌரிராஜன் நின்றார். பொன்னாடையை மடித்துக் கைக்குள் ஒளித்துக்கொண்டு கனகம் வந்தாள். சௌரிராஜன்தான் முதலில் பேசினார். குரலில் கோபமே இல்லை; கோபம் இருந்திருந்தால் கனகத்துக்கு நிற்கச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தப் புத்தகம் பேரு சொல்லும்மா. படிக்கத் தெரிஞ்சவங்களை விட்டுப் பாக்கச் சொல்றேன். எண்ணெய் எல்லா ஊர்லயும் இருக்கும், சரி. அந்தப் பிள்ளை கேட்டது நான் கேட்டது. நான் கேட்டது அதுல எப்படி வந்துச்சு?"

 கனகம், அத்தான் என்று தொடங்கினாள். 

"புத்தகத்துல இல்ல சௌரி" என்றாள் நாகமணி. "நான் இவகிட்டச் சொன்னேன். அந்த ஜோசியர் சொன்னது நான் சொல்லிக் குடுத்தது. ஒன் ஜாதகத்துல ஒரு கொறையும் இல்லய்யா."

சௌரிராஜனுக்கு அது உடனே போய்ச் சேரவில்லை. தோள் துண்டை எடுத்தார், மடித்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். சிறுபிள்ளை கேட்பது போலத்தான் கேட்டார்.

"அப்ப எங்கப்பாவ நான் கொல்லலையா, சித்தி?"

நாகமணி இல்லை என்று தலையாட்டினாள்.  சௌரிராஜன் பஸ் நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. விழாவுக்கு வந்த ஜனங்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். கனகம் ஒரு ஓரமாக நின்றாள். கிட்டே போக அவளுக்கு உரிமை இல்லை, விலகிப் போக மனம் இல்லை.

செல்லூர் பஸ் வந்தது. சௌரிராஜன் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை, வாங்க என்று கூப்பிடவில்லை, ஏறிவிட்டார். நாகமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"அத்தை, நம்ம பஸ் எதிர்ப்பக்கம்" என்று கனகம் அவள் கையைப் பிடித்தாள்.

நாகமணி நின்றாள். திட்டுவாள் என்று கனகம் காத்திருந்தாள், வேண்டியும் கொண்டாள்.

"பாவம் நான் செஞ்சது, கனகு. அதை அவன்கிட்டச் சொல்ற அந்த ஒண்ணுதான் எனக்கு மிச்சமிருந்துச்சு. அதையும் நீ எடுத்துக்கிட்டயே" என்றாள். சொல்லிவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் படியேறினாள்.

உள்ளே கூட்டம். சௌரிராஜன் முன்பக்கம் நின்றிருந்தார். நாகமணி நெருக்கித் தள்ளிக்கொண்டு போய் அவர் பின்னால் நின்றாள். கண்டக்டர் வந்தார். வயசான அம்மாவைக் காட்டி, உங்ககூட வர்றவங்களா என்று சௌரிராஜனைக் கேட்டார். கனகத்துக்கு அது ஜன்னல் வழியே தெளிவாகக் கேட்டது.

சௌரிராஜன் திரும்பி நாகமணியைப் பார்த்தார். விசில் ஒலித்தது. அவர் சொன்ன பதில் கனகத்துக்குக் கேட்கவில்லை. பஸ் பாலத்தின் பக்கம் திரும்பிவிட்டது.